கூந்தலும் கிளிசரினும்

(தானா ராத்தாவில் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினரிடையே ஆற்றப்பெற்ற உரை)



கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள இத்தானா ராத்தாவின் குளிருக்கு அஞ்சி, சூடான நீரையே தலைக்கு ஊற்றுகிறோம். அவ்வெந்நீரும் சவர்க்காரமும் தலையின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுகின்றன. கீழே, ரப்பர்த் தோட்டங்களிலோ வெயிலும் வியர்வையும், நாள்தோறும் தலை முழுகுதலும் முடியை வறளச் செய்கின்றன. உடனே கடைக்குச் சென்று, 'ஈரப்பதம் அளிக்கும்' என்று எழுதிய புட்டியை வாங்குகிறோம். அவ்வாறான பல புட்டிகளில் ஈரத்தைக் காக்கும் பொருள் கிளிசரின் என்பதாகும்.

அடுக்களையில் மூடாமல் வைத்த உப்பு மழைக்காலத்தில் கசிவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். காற்றில் உள்ள நீராவியை அது ஈர்த்துக்கொள்கிறது. கிளிசரினும் அத்தன்மையதே. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நீரைப் பற்றிக்கொள்ளும் கைகள் மூன்று உள்ளன. முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முடி மென்மையாகிறது, சீப்புக்கு இணங்குகிறது.

இப்பொருளை 1779-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே கண்டறிந்தார். ஒலிவ எண்ணெயை ஈய ஆக்சைடுடன் சேர்த்துச் சூடேற்றியபோது இனிப்புச் சுவையுள்ள நீர்மம் ஒன்று கிடைத்தது. சமையல் எண்ணெய் எதுவாயினும் அதனுள் கிளிசரின் பிணைந்தே இருக்கிறது. சவர்க்காரம் காய்ச்சும்போது அது பிரிந்து வருகிறது. நம் நாட்டுச் செம்பனையும் இதற்கு விலக்கன்று. 1917-இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிக முறையில் முதன்முதலாக நடப்பட்ட செம்பனை, பின்னாளில் பால்மரங்கள் நின்ற பல தோட்டங்களிலும் இடம்பெற்றது. நூறு கிலோ எண்ணெயைப் பிரித்தால் ஏறத்தாழப் பத்துக் கிலோ கிளிசரின் கிடைக்கும். ஆகவே, நம்மவர் வெட்டிய பழக்குலையின் ஒரு பகுதியே புட்டியாகி நம் வீட்டிற்கு வரக்கூடும்!

எனினும் இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். காற்று ஈரமாக இருக்கையில் கிளிசரின் அதிலிருந்து நீரை ஈர்க்கும். அளவு மிகுந்தால் முடி பிசுபிசுக்கும். குளிர்சாதன அறை போன்ற வறண்ட இடத்தில் ஈர்ப்பதற்கு நீர் குறைவு. அங்கே அதன் பயனும் குறைவு. கிளிசரினை நீர் கலவாமல் தலையில் தேய்த்தல் தகாது. ஷாம்புவில் இருப்பதோ பெரும்பாலும் நீரோடு போய்விடும். அலசாமல் விடும் களிம்பில்தான் அது முடியில் தங்கும். புட்டியின் மேல் பொருள்களின் பெயர்கள் பொதுவாக அளவு மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். கிளிசரின் எவ்விடத்தில் உள்ளது என்று பாருங்கள். அதன் பின்னர் விலையைப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் நீரை ஈர்ப்பதன்று. எனினும் முடியினுள் ஊறி, கழுவும்போது அதன் புரதம் இழப்பாவதைக் குறைக்கிறது என்பதை 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. பாட்டிமார் கைவிடாத அவ்வெண்ணெயை நாமும் இகழ வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. தலைக்கு வெளியே வளர்ந்த முடி உயிரற்றது. எந்தப் புட்டியும் அதற்கு உணவூட்ட முடியாது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால், காரணம் இரத்தச்சோகையாக இருக்கலாம். கடுங்காய்ச்சலோ, அண்மையில் நிகழ்ந்த மகப்பேறோ ஆகவும் இருக்கலாம். அந்நிலையில் மேலும் ஒரு புட்டிக்குச் சம்பளத்தைச் செலவிடாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். வறண்ட முடிக்குக் கிளிசரின் துணை. வாடிய உடலுக்கு மருத்துவரே துணை. இவ்வேறுபாட்டை அறிந்த குடும்பம் பணத்தையும் காக்கும், நலத்தையும் காக்கும்.