தீயணைப்போரும் முறைவேலையும்

தீ நாளும் கோளும் பார்த்து மூள்வதில்லை. நண்பகலில் ஒரு பண்டகசாலையில் அது பற்றலாம். ஊரடங்கிய பின் நாலாம் சாமத்தில் ஒரு வீட்டின் அடுக்களையிலும் பற்றலாம். ஆதலால் ஒரு வாரத்திலுள்ள 168 மணித்தியாலங்களிலும் தீயணைப்பு நிலையத்தில் ஆயத்தமாக ஆட்கள் இருத்தல் வேண்டும். ஆனால் தீயை எதிர்க்கச் செல்பவர் மனிதர். அவருக்கு உறக்கம் வேண்டும். மனைவி மக்களோடு இருக்கப் பொழுது வேண்டும். ஓயாத காவலை, ஓய்வின்றி வாழ முடியாத மனிதரைக் கொண்டு நடத்துவது எவ்வாறு? அந்தக் காவலின் சுமையை எல்லோருக்கும் ஒப்பப் பங்கிடுவது எவ்வாறு? முறைவேலை அட்டவணை வகுப்போர் விடை காண வேண்டிய வினாக்கள் இவையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இவ்வினா பல நகரங்களில் எழவேயில்லை. தீயணைப்போர் நிலையத்திலேயே குடியிருந்தனர். இரவு பகல் என்ற வேறுபாடின்றி அவர்கள் எப்பொழுதும் கடமையில் இருப்பவராகவே கருதப்பட்டனர். இடையிடையே கிடைத்த சில மணித்தியால விடுப்பே அவர்களுடைய சொந்தப் பொழுதாயிருந்தது. பின்னர் அவர்கள் இரண்டு அணிகளாகவும், மூன்று அணிகளாகவும், நான்கு அணிகளாகவும் படிப்படியாகப் பிரிக்கப்பட்டனர். அணிகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒருவரின் வேலைநேரம் குறைந்தது. 168 மணித்தியாலங்களை மூன்று அணிகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு 56 மணித்தியாலம் விழும். நான்கு அணிகள் பகிர்ந்தால் 42 மணித்தியாலம் விழும். எவ்வளவு கெட்டித்தனமாக அட்டவணை போட்டாலும் இந்த வகுத்தற் கணக்கை எவரும் மீற முடியாது. ஆட்களைக் கூட்டாமல் ஓய்வை மட்டும் கூட்டுவதாகச் சொல்லும் எந்தத் திட்டமும் எங்கோ ஓரிடத்தில் காவலைக் குறைத்தே அதனைச் செய்ய முடியும்.

மூன்று அணி முறை ஐக்கிய அமெரிக்காவில் பெருவழக்கிலுள்ளது. அங்கே ஓர் அணி 24 மணித்தியாலம் நிலையத்தில் இருந்துவிட்டு அடுத்த 48 மணித்தியாலம் வீட்டில் இருக்கும். வாரச் சராசரி 56 மணித்தியாலம் மிகையெனக் கண்ட இடங்களில், குறிப்பிட்ட சில முறைகளுக்கு ஒருமுறை ஒருவருக்கு மேலதிக ஓய்வு அளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதனைக் 'கெலி நாள்' என்பர். 1933 முதல் 1947 வரை சிக்காகோ மாநகர முதல்வராயிருந்த எட்வர்ட் கெலியின் பெயரால் அது வழங்கி வருகின்றது. ஏழாவது முறை தோறும் ஒருவருக்கு ஓய்வளித்தால், 21 நாட்களில் அவர் ஆறு முறைகளே வேலை செய்வார். அதாவது 144 மணித்தியாலம். வாரத்துக்கு 48 என்று கணக்குச் சரியாகின்றது.

நான்கு அணி முறைக்கு இலண்டன் மாநகரம் தக்க எடுத்துக்காட்டு. அங்கே சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என நிறங்களின் பெயரால் அணிகள் அழைக்கப்படுகின்றன. ஓர் அணிக்கு இரண்டு பகல் முறை, அடுத்து இரண்டு இரவு முறை, அதன்பின் நான்கு நாள் ஓய்வு. எட்டு நாளில் ஒரு சுற்று முடியும். ஒவ்வோர் அணியும் தனக்கு முந்திய அணிக்கு இரண்டு நாள் பிந்தித் தன் சுற்றைத் தொடங்குவதால், எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஓர் அணி பகலிலும், ஓர் அணி இரவிலும் இருக்க, மற்றை இரண்டும் ஓய்விலிருக்கும்.

இந்த எட்டு என்னும் எண்ணிலே ஒரு நன்மை அடங்கியிருக்கின்றது. வாரம் ஏழு நாள். சுற்று எட்டு நாள். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் வேலை ஒரு கிழமை தள்ளி விழுகின்றது. ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கிய சுற்று அடுத்த தடவை திங்கட்கிழமையில் தொடங்கும். 56 நாட்கள் கழிந்ததும் ஒவ்வோர் அணியும் சுற்றின் எட்டு இடங்களையும் ஒவ்வொரு கிழமையிலும் ஒருமுறை கண்டிருக்கும். எட்டுச் சனிக்கிழமைகளில் இரண்டு பகல் வேலைக்கும், இரண்டு இரவு வேலைக்கும் போக, நான்கு அவர்களுக்கே உரியவை. சுற்று ஏழு நாளாயிருந்தால், ஞாயிறு தோறும் வேலை செய்பவர் என்றும் ஞாயிறு தோறுமே வேலை செய்ய நேரும். மொத்த மணித்தியாலம் ஒன்றாயிருந்தும் நீதி வேறாகிவிடும். ஆதலின் மணித்தியாலத்தை மட்டும் எண்ணி அட்டவணையின் நேர்மையை அளத்தல் ஆகாது. இரவுகள் எத்தனை, ஞாயிறுகள் எத்தனை, தொடர்ந்த ஓய்வு எவ்வளவு என்பனவற்றையும் ஒரு முழுச் சுழற்சிக்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, உடலின் கணக்கு ஒன்றுண்டு. மனித உடல் இரவில் உறங்கவும் பகலில் விழித்திருக்கவும் இயல்பாய் அமைந்தது. விடியலுக்கு முந்திய மணித்தியாலங்களில் விழிப்புணர்வு மிகவும் தாழ்ந்துவிடும். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியில் நூற்றுக்கு 0.05 பங்கு மது கலந்தவருடைய நிலைக்கு ஒப்பாகக் குறைவதை 1997ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அத்தகைய களைப்போடு ஒருவர் பாரமான தீயணைப்பு வண்டியை விரைந்து செலுத்துவதையும், புகை நிறைந்த அறையில் கூரையின் உறுதியை மதிப்பிடுவதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மணியோசை கேட்டு எழுபவரின் அறிவு தெளியவும் சில நிமிடங்கள் செல்லும். நீண்டகாலத் தீங்கும் உண்டு. உடலின் இயல்பான ஒழுங்கைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோயை விளைவிக்கக் கூடும் என 2007இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. 2019இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. தீயணைப்புத் தொழிலையே 2022இல் அந்நிறுவனம் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இவற்றிலிருந்து அட்டவணை வகுப்போர் கொள்ளத்தக்க விதிகள் சில உள. முறைகள் பகலிலிருந்து இரவை நோக்கி முன்செல்ல வேண்டும்; பின்னோக்கிச் செல்லலாகாது. தொடர்ந்த இரவுகள் சிலவாகவே இருத்தல் நன்று. உறக்கக் கடன் இரவுக்கிரவு பெருகும். இரவு வேலையின் பின் நீண்ட ஓய்வு தரவேண்டும்; அதன் முதற்பகலின் பெரும் பகுதி உறக்கத்தில் கழியுமாதலால், அதனை முழு ஓய்வு நாளாகக் கொள்ளுதல் தகாது. 24 மணித்தியால முறையில் போக்குவரவு குறையும். வீட்டில் முழுநாட்களும் கிடைக்கும். அழைப்புக் குறைந்த நிலையத்தில் அது நன்றாகவே நடக்கும். இரவெல்லாம் மணி அடிக்கும் நிலையத்திலோ அதே அட்டவணை கொடிய சுமையாகும். எனவே அட்டவணை ஒன்றாயிருத்தல் சுமை ஒன்றாயிருத்தல் ஆகாது.

இலண்டனில் 2010ஆம் ஆண்டு நிகழ்ந்த பிணக்கும் இங்கு கருதத்தக்கது. அங்கே பகல் முறை 9 மணித்தியாலமாகவும் இரவு முறை 15 மணித்தியாலமாகவும் இருந்தன. பயிற்சிக்கும் தீத்தடுப்புப் பணிக்கும் பகலில் கூடுதல் நேரம் வேண்டுமென்று நிருவாகம் பகலை நீட்டி இரவைக் குறைக்க முனைந்தது. பகல் வேலை முடிந்து வீடு சேர்வதற்குள் குழந்தைகள் உறங்கிவிடுவர் என்பது தொழிலாளர் எழுப்பிய ஆட்சேபங்களுள் ஒன்று. அவ்வாண்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இறுதியில் பகல் பத்தரை மணித்தியாலம், இரவு பதின்மூன்றரை மணித்தியாலம் என முடிவாயிற்று. எட்டு நாட் சுற்றில் முன்பும் 48 மணித்தியாலம். பின்பும் 48 மணித்தியாலம். இரண்டு இரவுகளுக்கு இடைப்பட்ட ஓய்வு 9 மணித்தியாலத்திலிருந்து பத்தரையாகக் கூடியது. இரண்டு பகல்களுக்கு இடைப்பட்ட ஓய்வு 15இலிருந்து பதின்மூன்றரையாகக் குறைந்தது. இரு சாராரும் வழக்காடியது வேலையின் அளவைப் பற்றியன்று. நாளின் எந்தப் பகுதி யாருக்கு உரியது என்பதைப் பற்றியே. மாலை ஒரு மணித்தியாலமும் காலை ஒரு மணித்தியாலமும் கணக்கில் ஒன்று, குடும்பத்தில் ஒன்றல்ல.

தாளில் நேராயிருக்கும் அட்டவணை நிலையத்தில் கோணலாவதும் உண்டு. ஆண்டு விடுமுறை, சுகவீனம், பயிற்சி ஆகியவற்றால் எந்நேரமும் ஐவரில் ஒருவர் இல்லாதிருப்பார் எனக் கொண்டால், இருபது இடங்களை நிரப்ப 25 பேர் வேண்டும். இருபது பேரையே வைத்துக்கொண்டால் எஞ்சியவர் ஓய்வு நாளிலே அழைக்கப்படுவர். அன்றியும், எல்லோரும் எல்லா வேலைக்கும் உரியவரல்லர். வண்டி செலுத்துவோர் ஓர் அணியில் இருவரே இருந்தால், மற்றவருக்குக் கிடைக்கும் விடுமுறை அவ்விருவருக்கும் கிடைப்பது அரிது. இதற்குப் பரிகாரம் அட்டவணையில் இல்லை. மேலும் சிலரைப் பயிற்றுவதில் உள்ளது.

பண்டிகைகளும் தனிக் கவனத்துக்குரியவை. லீப் ஆண்டல்லாத ஆண்டின் 365 நாட்களை எட்டால் வகுத்தால் ஐந்து மிஞ்சும். ஆதலால் இவ்வாண்டு நத்தார் தினத்தில் இரண்டாம் இரவு முறையில் இருந்த அணி, மறு ஆண்டு அதே தினத்தில் முதற் பகல் முறையில் இருக்கக் காணலாம்; வேறோர் அணிக்கு இரண்டாண்டும் ஓய்வு வாய்க்கலாம். இதனைச் சுற்று தானே சரிசெய்துவிடும் என்று காத்திருத்தல் பல ஆண்டுக் காத்திருப்பாகும். பண்டிகை நாட்களுக்கு மட்டும் தனிப்பதிவு ஒன்று வைத்து, சென்ற ஆண்டு காவல் இருந்தவருக்கு இவ்வாண்டு முதலுரிமை கொடுத்தல் எளிய வழி. ஒருவரோடொருவர் முறை மாற்றிக்கொள்ளவும் இடமளிக்கலாம். ஆயின் அம்மாற்றம் பதிவாக வேண்டும். எவருடைய குறைந்தபட்ச ஓய்வையும் அது குறைத்தலாகாது. இன்றேல் இளையவர் மூத்தவரின் இரவுகளைச் சுமக்கும் வழக்கம் ஓசையின்றி வேரூன்றிவிடும்.

இரவின் சுமையை ஒழித்துவிட எந்த அட்டவணையாலும் இயலாது. அதைப் பங்கிடத்தான் இயலும். ஆகவே அட்டவணை முன்கூட்டியே எல்லோரும் காண வெளியிடப்பட வேண்டும். அதன்படி வேலை செய்யப் போகிறவர்களைக் கலந்தே வகுக்கப்பட வேண்டும். ஒரு முழுச் சுழற்சி முடிந்ததும் ஒவ்வொருவருடைய இரவுகளும் ஞாயிறுகளும் பண்டிகைகளும் எண்ணிச் சரிபார்க்கப்பட வேண்டும். அவ்வாறு எண்ணிய ஏட்டை அணியிலுள்ள எவர் கேட்டாலும் மறைக்காமல் காட்டக்கூடிய நிலையம், நள்ளிரவில் மணி அடித்தபோது ஒருமனதாய் எழுந்து புறப்படும் ஆட்களைக் கொண்டிருக்கும்.