சுங்கை சிப்புட்டும் அனைத்துலக உறவுகளும்

வட்டார அரசியலும் அனைத்துலக உறவுகளும் முதுகலை நிலையில் பெரும்பாலும் தலைநகரங்களைச் சுற்றியே பயிலப்படுகின்றன. 1955இன் பாலிங் பேச்சுவார்த்தை, 1967இன் பேங்காக் பிரகடனம், 1971இன் கோலாலம்பூர் நடுநிலை மண்டல அறிவிப்பு என்று, தலைவர்கள் கூடிய மேசைகளே பாடமாகின்றன. இந்தப் பாடத்தில் பேராக் மாநிலம் இரண்டு இடங்களில் தலைகாட்டும்: ஒன்று 1874 பங்கோர் ஒப்பந்தம், மற்றொன்று 1948 சுங்கை சிப்புட் கொலைகள். முதலாவதற்கு ஒரு வகுப்பு கிடைக்கும். இரண்டாவது ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியைப் பற்றியதே இவ்வுரை.  

அந்தக் கொலைகளை அடுத்து மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி கல்கத்தாவைக் காட்டும். 1948 பிப்ரவரியில் அங்கே தென்கிழக்காசிய இளைஞர் மாநாடு நடந்தது. அதையடுத்து கூடிய இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி மாநாட்டுக்குச் சென்ற ஆஸ்திரேலியத் தலைவர் லாரன்ஸ் ஷார்க்கி, திரும்பும் வழியில் சிங்கப்பூரில் தங்கினார். பர்மா, மலாயா, இந்தோனேசியாவின் மடியூன் என அதே ஆண்டில் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததால், கட்டளை மாஸ்கோவிலிருந்து கல்கத்தா வழியாக வந்தது என்று இக்கட்சி முடிவு கட்டுகிறது. மற்றக் கட்சி, அது முழுக்க உள்ளூர்த் தொழிலாளர் தகராறு, அனைத்துலக உறவுகள் துறைக்கு அதில் வேலையில்லை என்கிறது. கருத்தரங்குகளில் பல ஆண்டுகளாக இவ்விரு அணிகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியே பொழுது போக்கியுள்ளன. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன: தோட்டத்தை உள்ளூர் என்று எடுத்துக்கொள்கின்றன.

1948 ஜூன் 16, புதன்கிழமை. காலை எட்டரை மணியளவில் சுங்கை சிப்புட் அருகே எல்பில் ரப்பர்த் தோட்ட அலுவலகத்துக்கு மூன்று சீனர்கள் சைக்கிளில் வந்தனர். துரை ஆர்தர் வாக்கர் உள்ளே இருந்தார். சுட்டுவிட்டுச் சைக்கிளிலேயே போய்விட்டனர். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்தியக் கிராணிகள் தாக்கப்படவில்லை. அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும் ஜொகூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 18ஆம் நாள் அது கூட்டரசு முழுவதற்கும் நீண்டது. ஜூலையில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. 12 ஆண்டுகள் நீடித்து 1960 ஜூலை 31இல்தான் இந்நிலை முடிந்தது.

அக்கட்சியின் பொதுச் செயலாளர், சித்தியவானில் பிறந்த சின் பெங், 2003இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில், அந்தக் கொலைகளுக்கு மத்தியக் குழு கட்டளையிடவில்லை என்றும் கட்சி அப்போது போருக்கு ஆயத்தமாக இல்லை என்றும் கூறுகிறார். தலைவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சொன்னது என்று இதைத் தள்ளலாம். ஆனால் அறிவிப்பு வந்தபோது கட்சி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் அப்படித் தள்ளிவிட முடியாது. கல்கத்தாக் கட்சியின் வலுவான தூண் இங்கே சரிகிறது. அதனால் உள்ளூர்க் கட்சி வென்றதாகவும் ஆகாது; தோட்டம் உள்ளூர் அல்ல என்பதைத் தோட்டத்து ஏடுகளே காட்டும்.

எல்பில் போன்ற ஒரு தோட்ட அலுவலகத்தில் எந்த ஏடு மிகுதியாகப் புரட்டப்பட்டது என்று கேட்டால், விடை செக்ரோல். ஆள் பெயர், எந்த மண்டோரின் கீழ், எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், அரிசிக்கும் முன்பணத்துக்கும் எவ்வளவு பிடித்தம் என்று கிராணி மாதந்தோறும் எழுதிய பேரேடு அது. அதன் ஒவ்வொரு பத்தியையும் கடலுக்கு அப்பால் யாரோ நிர்ணயித்தார்கள். பெயர்ப் பத்தியில் ஆள் வந்து சேர்ந்தது 1922 இந்தியக் குடிபெயர்வுச் சட்டப்படி. அச்சட்டத்தின்கீழ் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவிலேயே இருந்து தோட்டங்களுக்குச் சென்று பார்வையிட்டார். தூதரகம் என்ற சொல் இல்லாத தூதர் வேலை அது. கூலிப் பத்தி இன்னும் தெளிவு. இந்திய அரசு அனுப்ப, 1936 இறுதியில் வந்து தோட்டங்களைப் பார்த்த சீனிவாச சாஸ்திரி தொழிலாளர் நிலை பற்றி அடுத்த ஆண்டு அறிக்கை தந்தார். 1938இல் தோட்ட முதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தனர். இந்திய அரசு அந்த ஜூனிலேயே உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியது. ஐந்து காசுக்காக இரு அரசுகள் முறைத்துக்கொண்டன என்று இதைச் சுருக்கினால் மிகையாகாது. வேலை நாள், பால் எடை இரண்டும் 1934 அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கையைச் சார்ந்தவை. ஏற்றுமதிப் பங்கு குறைந்தால் மரத்துக்கு ஓய்வு, ஆளுக்கு வேலையில்லை. விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் தீர்மானிக்கப்பட்டது. போருக்குப் பின் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு மிகுதியான டாலரைச் சம்பாதித்துத் தந்தது மலாயாவின் ரப்பரும் ஈயமும்தாம். பிரிட்டன் மூன்று துரைமார் கொலைக்கு இத்தனை பெரிய பதிலடி கொடுத்ததன் பொருளாதாரக் காரணம் இதுவே.

இனிப் பேராக்குக்குத் திரும்பலாம். ஜப்பான்காரன் காலத்தில் பேராக் காடுகள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கோட்டை. காட்டோரத்தில் சீனக் குடியேறிகள், தோட்டத்து லயங்களில் தமிழர்கள், நடுவே ஈய வயல்கள். போர் முடிந்ததும் இங்கே தொழிற்சங்கங்கள் வேகமாக எழுந்தன. 1948 மே இறுதியில் சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. பல தொழில்களை ஒன்றிணைத்த கூட்டமைப்புகளுக்கு அதனால் இடமில்லாது போயிற்று. சுங்கை சிப்புட் கொலைகளுக்கு முந்திய அந்தச் சில வாரங்களைப் பாடப் புத்தகங்கள் தாண்டிப் போவது வியப்பு. சட்ட வழி அடைபட்டதையும் துப்பாக்கி எழுந்ததையும் சேர்த்துப் படிக்காமல் ‘உள்ளூர்’ என்றோ ‘மாஸ்கோ’ என்றோ முத்திரை குத்துவதில் பயனில்லை. 1950க்குப் பின் பிரிக்ஸ் திட்டம் சுமார் ஐந்து லட்சம் பேரைப் புது கிராமங்களில் குடியமர்த்தியது. பல தோட்டங்களின் லயங்களும் முள்வேலிக்குள் வந்தன. கொரியப் போர் ரப்பர் விலையை உயர்த்தியதும் அந்த வேலிக்குப் பணம் கிடைத்தது.

அடுத்து, மலாயா கணபதி. அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசு தண்டனையைக் குறைக்கக் கேட்டும் பலனில்லை. அப்போது மலாயாவில் இந்தியப் பிரதிநிதியாக இருந்தவர் மலாயா இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) முதல் தலைவர் ஜான் திவி. மலாயா இந்தியர் அமைப்பின் தலைவராயிருந்தவரே இந்தியாவின் குரலாகப் பேச வேண்டி வந்த இந்த இரட்டை நிலை தனி ஆய்வுக்குரியது. அதேபோன்ற துப்பாக்கிக் குற்றச்சாட்டில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த சாம்பசிவத்தின் வழக்கில் 1950இல் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. இரு வழக்குகளையும் ஒப்பிட்டால் காலனிய நீதியின் எல்லை தெரியும்.

தோட்டத் துண்டாடல் பற்றி இரண்டொரு சொல். அந்நியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, அவை துண்டு துண்டாகக் கைமாறியபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினர். சம்பந்தன் பிறந்த ஊரும் சுங்கை சிப்புட்தான். பிறந்த நாள் 1919 ஜூன் 16. தற்செயல்தான், இருந்தாலும் குறிப்பிடாமல் விட மனமில்லை. 1969க்குப் பின் வேலை அனுமதி விதிகளால் குடியுரிமையற்ற பலர் தமிழகம் திரும்பினர். இலங்கைக்கு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இருந்தது. மலேசியாவுக்கு அப்படியொரு இருதரப்பு ஒப்பந்தம் இல்லை. ஏன் இல்லை என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி.

ஆய்வுக்குரிய பிற தலைப்புகள்: கோலாலம்பூரில் தலைமையகம் கொண்டு 1999இல் கலைந்த அனைத்துலக இயற்கை ரப்பர் அமைப்பு, செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்தபின் ஜகார்த்தாவுடனும் டாக்காவுடனும் எழுந்த பேச்சுகள், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் குடிபெயர்வுக் கோப்புகளை மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்துக் கோப்புகளோடு வைத்துப் படித்தல், 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசன் இதழ்களில் 1938, 1948 ஆண்டுகளின் தலையங்கங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பு தொட வேண்டியவை செக்ரோல் ஏடுகள். தோட்டங்கள் கைமாறும்போதெல்லாம் பழைய அலுவலகத் தாள்கள் கழிக்கப்படுகின்றன. எஞ்சியவற்றைக் கணக்கெடுக்கும் பணியை ஈப்போ, கோலக்கங்சார் வட்டாரத்திலிருந்து முதுகலை மாணவர் இருவர் ஓராண்டில் தொடங்கிவிடலாம்.