தண்டனையோடு நீதி முடிந்துவிடுமா?



ஒவ்வொரு ஆணவக் கொலைக்குப் பிறகும் "தூக்கில் போடு" என்று முழங்குகிறோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் இந்த நாட்டில் முதலில் யார் மீது பாய்கிறது? தருமபுரி மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அரூர் வட்டத்தில் உள்ள வாச்சாத்தி, பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் உள்ளே புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு அடிபட்ட மக்களையே சேலம் சிறையில் அடைத்தார்கள், குழந்தைகளையும் சேர்த்து. குற்றப் பழங்குடிச் சட்டம் 1952-லேயே ஒழிந்தது. ஓர் ஊரையே குற்றவாளியாகப் பார்க்கும் புத்தி ஒழியவில்லை.

மக்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடினார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அது தேவையான தீர்ப்பு. அரசு மறுத்த உண்மை அன்றுதான் பதிவானது.

ஆனால் யாரோ சிறைக்குப் போவதால் இடிந்த வீடு எழும்பாது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ததோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது. வேலையோ சுயதொழிலோ ஏற்படுத்தித் தரவும், ஊரின் வாழ்வாதாரத்தை உயர்த்தவும் உத்தரவிட்டது. இதைச் சொல்ல 31 ஆண்டுகள் ஆயின. கூலிக்கு மரம் வெட்டப் போனவர் அந்த ஊரில் இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். 1992-ல் அவருக்குத் தேவைப்பட்டது லத்தியா, வேலையா?

"அப்படியானால் சாதிவெறியரை மன்னித்து விடுவதா?" என்று கேட்பீர்கள். இல்லை. "சமாதானமாகப் போங்கள்" என்று கட்டப்பஞ்சாயத்து சொல்வதை நாம் நிறையக் கேட்டுவிட்டோம். அது ஆதிக்கச் சாதிக்குக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். நான் கேட்பது வேறு: செய்தவர் பொறுப்பேற்க வேண்டும், இழந்தவர் வாழ்வு மீள வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 நிவாரணத்தையும் மறுவாழ்வையும் அரசின் கடமையாக வைத்திருக்கின்றன. அடுத்த முறை காவல் நிலைய வாசலில் எஃப்.ஐ.ஆர். கேட்டு உட்காரும்போது, ஆட்சியர் அலுவலகத்தில் வீடும் நிலமும் வேலையும் கேட்டும் உட்காருவோம்.