ஐந்தடி நீல மீன்



தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர அருங்காட்சியகத்தில் ஐந்தடி நீளமுள்ள மீன் ஒன்று பாடம் செய்து வைக்கப்பட்டுள்ளது. கடலிலிருந்து வந்தபோது அதன் மேனி வெண்புள்ளிகள் தெளித்த நீலம். இன்று அந்நிறம் இல்லை.

1938 டிசம்பர் 22 அன்று, சலும்னா ஆற்றுமுகத்துக்கு அப்பால் வலையிழுத்துத் திரும்பிய 'நெரின்' படகிலிருந்து அருங்காட்சியகத்துக்குச் செய்தி வந்தது. காப்பாளர் மார்ஜரி கோர்ட்டனே-லாட்டிமருக்கு அன்று வேலை மிகுதி. படகினருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தேனும் கூறி வருவோம் என்றே சென்றார். மீன் குவியலின் அடியில் நீலத் துடுப்பொன்று தெரிந்தது. இழுத்துப் பார்த்தால், கால்களை ஒத்த தசைத் துடுப்புகள்!

57 கிலோ எடையுள்ள அம்மீனை ஏற்ற வாடகைக் காரோட்டி தயங்கினார். பிணவறையும் குளிர்பதனக் கிடங்கும் இடம் தர மறுத்தன. அருங்காட்சியகக் குழுத் தலைவரோ அது வெறும் களவா மீன் என்று ஒதுக்கினார். பட்டம் ஏதும் பெறாத 31 வயதுப் பெண்மணி தம் கண்களை நம்பினார். அதுவே இங்குப் பெரிது. மறுநாளே மீனின் படத்தை வரைந்து, கிரகாம்ஸ்டவுனில் வேதியியல் கற்பித்த மீனறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்கு மடல் விடுத்தார். விடுமுறையில் வெளியூர் சென்றிருந்த ஸ்மித்துக்கு அது ஜனவரி 3ஆம் நாள்தான் கிடைத்தது. எலும்பையும் செவுளையும் காக்குமாறு அவர் தந்தி கொடுத்தபோது, அழுகிய உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போயிருந்தன.

டைனோசர்களோடு சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாக எண்ணப்பட்ட சீலகாந்த் இனம் அது. 1839இல் அகாசி புதைபடிவத்தைக் கண்டு சூட்டிய பெயரின் பொருள் உள்ளீடற்ற முள் என்பது. 'குழல்முள் மீன்' எனத் தமிழில் அழகாகவே சொல்லலாம். உயிர்மீனுக்கு ஸ்மித் இட்ட பெயர் லாட்டிமேரியா சலும்னே. கண்டெடுத்தவரும் ஆறும் அப்பெயருள் வாழ்கின்றனர்.

உள்ளுறுப்புகளுடன் கூடிய மீனுக்காக ஸ்மித் 14 ஆண்டுகள் அலைந்தார். நூறு பவுண்டு பரிசறிவித்துத் துண்டறிக்கை பரப்பினார். 1952இல் கொமோரோஸ் தீவுகளில் ஒன்று அகப்பட்டது. அத்தீவினருக்கோ அது புதிதன்று. அவர்தம் தூண்டிலில் எப்போதாவது சிக்கும் 'கொம்பெஸ்ஸா' அது. அறிவியல் அழிந்ததென்று எழுதிவைத்த மீனுக்கு அவர்கள் பெயரிட்டு வழங்கிவந்தனர்! இந்தோனேசியாவின் மனாடோவில் 1997இல் சந்தைக்கு வந்த மற்றோர் இனத்தை அங்குள்ள மீனவர் 'ராஜா லாவுத்', கடலரசன், என்கின்றனர்.

நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், 1962இல் பிடிபட்ட பெண்மீன் ஒன்று நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டிருந்தது. 1975இல் அதனை அறுத்துப் பார்த்தனர். வயிற்றினுள், மஞ்சட்கருப்பை ஒட்டியபடி, வளர்ந்த குஞ்சுகள் ஐந்து இருந்தன.