வீடற்ற பிள்ளைகளுக்காக நம் பிள்ளைகள்

(பொன்விழாக் குடும்ப தின நிகழ்ச்சியில் சங்கத்தின் சமூகநலக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் சங்கத்தின் சாதனைகளைப் பேசுவதே வழக்கம். எங்களுக்கு முன் வந்தவர்கள் அதை நிறைவாகவே செய்துவிட்டார்கள். சமூகநலக் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட இந்தச் சிறிது நேரத்தில் வேறொன்றைப் பேச நாங்கள் தலைவரிடம் அனுமதி கேட்டோம். நிலையான வீடில்லாத பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் வேலையில் நம் இளையர்களை எப்படிச் சேர்ப்பது என்பது பற்றியும் பேச விரும்புகிறோம்.

"சிங்கப்பூரில் வீடில்லாத பிள்ளைகளா?" என்று பலரும் மனத்துக்குள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் அது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. 1961 மே 25ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் பற்றிய தீ, அத்தாப்புக் குடிசைகளை வரிசை வரிசையாக எரித்தது. நால்வர் இறந்தார்கள், ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். கிம் செங் சாலைப் பள்ளிக்கூடத்தில் பாயைப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தீப்பிடித்த அதே நிலத்தில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. நம் சமுதாயத்துக் குடும்பங்களும் தஞ்சோங் பகார் கடைவீட்டு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த காலம் அது. இன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறோம் என்றால், அந்தத் தலைமுறை வீட்டை ஒரு பொதுப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

இப்போது இருப்பது புகை தெரியாத தீ. 2019இல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி ஆய்வாளர் ஒருவர் தலைமையில் தீவு முழுவதும் இரவில் நடந்து எண்ணியபோது, வெளியில் உறங்குவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்று தெரிந்தது. 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு ஒரே இரவில் எண்ணியதில் 530 பேர். குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்தக் கணக்குகளில் வந்தவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். பிள்ளை குட்டியோடு வீடிழந்த தாய் புளோக்கின் கீழ்த்தளத்தில் படுக்க மாட்டாள். தங்கை வீட்டுக் கூடத்துக்குப் போவாள். மூன்று மாதம் கழித்துத் தோழி வீட்டுக்கு. அதற்கப்புறம் இடைக்காலத் தங்குமிடத்துக்கு. தெருவில் எண்ணிக்கொண்டு போகிறவர்கள் கண்ணில் அவளும் படமாட்டாள், அவள் பிள்ளைகளும் படமாட்டார்கள்.

நடுவில் ஒரு காலம் இது வெளியே தெரிந்தது. 2009, 2010 வாக்கில் கடற்கரைப் பூங்காக்களில் குடும்பங்கள் கூடாரம் அடித்து வாழ்ந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. பிள்ளைகள் பொதுக் குளியலறையில் குளித்துச் சீருடை மாட்டிப் பள்ளிக்குப் போனார்கள். அந்தக் காலக்கட்டத்தில் வந்ததுதான் இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் இடைக்கால வாடகைத் திட்டம். தெருவில் கிடப்பதை விட ஆயிரம் மடங்கு மேல். இருந்தாலும், முன்பின் தெரியாத இன்னொரு குடும்பத்தோடு சமையலறையையும் குளியலறையையும் பங்கிட்டுக்கொண்டு வயதுக்கு வந்த மகளை வளர்ப்பது எப்படி இருக்கும் என்று தாய்மார்களுக்கு நாங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் துணைப்பாட வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம், வட்டாரமும் வேண்டாம். ஒரே ஆண்டில் அவனுடைய பதிவு அட்டையில் மூன்று முகவரிகள் மாறின. தொடக்கப்பள்ளியில் சேரும்போது வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். குடும்பம் தீவின் மறுமுனைக்கு மாறினாலும் பள்ளி பழைய இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளை விடிவதற்கு முன் எழுந்து இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்குப் போனான். வகுப்பில் தூங்கினான். சோம்பேறி என்ற பெயர் வந்தது. விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது பெரியவர்களான நாங்கள் இல்லை. வாரம் இரண்டு நாள் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பதினேழு வயதுத் தொடக்கக்கல்லூரி மாணவியிடம்தான் அவன் சொன்னான்: "அக்கா, வீட்டுப்பாடப் புத்தகம் பழைய வீட்டுல இருக்கு. அங்க இப்ப போகமுடியாது."

பெரியவர்களிடம் சொன்னால் அம்மாவுக்குச் சிக்கல் வரும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அக்காவிடம், அண்ணனிடம் வாய் திறக்கிறார்கள். இந்த வேலையில் இளையர்கள் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். மேடையை அலங்கரிப்பதற்காக அவர்களைக் கூப்பிடவில்லை.

நமக்கு மிக நெருக்கமான இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். ஊரிலிருந்து மணமுடித்து இங்கே வந்த பெண். கையில் நீண்டகால வருகை அனுமதி அட்டை. கணவர் குடிமகன், பிள்ளைகள் குடிமக்கள். கணவர் மவுத்தாகிவிடுகிறார், அல்லது தலாக் ஆகிவிடுகிறது. கழகத்தின் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் விண்ணப்பதாரர் குடிமகனாக இருக்கவேண்டும். தாய் குடிமகள் அல்லள். பிள்ளை குடிமகன்தான், ஆனால் 21 வயது ஆகவில்லை. அதிகாரிகள் தனித்தனியாகப் பரிசீலிக்கிறார்கள், உதவியும் செய்கிறார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் பரிசீலனை என்றால் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் பிள்ளையின் பள்ளி ஆண்டு ஓடிவிடுகிறது. ஊரில் பெண் பார்க்கப் போகும் நம் குடும்பங்கள் எத்தனை! இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

சரி, இதற்கு இயக்கம் எதற்கு, ஜகாத்தும் சதக்காவும் போதாதா என்று சில பெரியவர்கள் எங்களிடம் கேட்டார்கள். ரமலானில் நாம் கொடுக்கும் அரிசி மூட்டை ஒரு மாதம் வரும். விதி ஒன்று கொஞ்சம் தளர்ந்தால் பல குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் வரும். பிரிட்டனில் 1966இல் பிபிசி தொலைக்காட்சி ஒரு நாடகம் ஒளிபரப்பியது. வீடிழந்த ஓர் இளம் தாயிடமிருந்து அவளுடைய பிள்ளைகள் பிரிக்கப்படும் கதை. நாடே அதிர்ந்தது. அடுத்த மாதமே 'ஷெல்டர்' என்ற அறநிறுவனம் தொடங்கப்பட்டு, அது இன்றுவரை அரசாங்கத்திடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இன்றும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தற்காலிகத் தங்குமிடங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை வெளியிடப்படுகிறது, அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்கமுடிகிறது.

நம் வழியிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. மக்காவிலிருந்து வீடு வாசல் விட்டு வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் சகோதரர்களாக ஏற்றுத் தங்கள் இல்லங்களில் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியும் இடம் கிடைக்காத ஏழைகளுக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே கூரை வேய்ந்த திண்ணை ஒன்றை ஒதுக்கினார்கள். அந்தத் திண்ணைத் தோழர்களில் ஒருவர்தான் அபூஹுரைரா (ரலி). வீடற்றவர்கள் ஊருக்கு வெளியே தள்ளப்படவில்லை. ஊரின் நடுவில் கல்வி கற்றார்கள். இளையர்கள் விஷயமும் அப்படியே. இருபது வயதுகூட நிரம்பாத உஸாமா (ரலி) அவர்களைப் படைக்குத் தலைவராக்கியபோது மூத்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். நபியவர்கள் முடிவை மாற்றவில்லை. முணுமுணுப்பு நமக்கும் புதிதல்ல!

"இது அரசியல் ஆகிவிடும்", "பிள்ளைகள் படிப்பு கெடும்", "நம் சமுதாயத்து மானம் போகும்" என்று மூன்று கவலைகள் எங்கள் காதுக்கு வந்தன. மக்கள் சந்திப்புக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினரிடம் முறையாக ஒரு மனுக் கொடுப்பது குடிமக்களின் சாதாரண உரிமை. படிப்பைப் பொறுத்தவரை, தேர்வு மாதங்களில் இந்த வேலை இல்லை என்று இளையர்களே முடிவுசெய்துவிட்டார்கள். மூன்றாவது கவலைதான் உண்மையில் எடையுள்ளது. குடும்பத்தின் மானம் காக்கப்படவேண்டும். இதில் எங்களைவிட எங்கள் பிள்ளைகள் கண்டிப்பானவர்கள். உதவி பெறும் சிறுவர்களைப் படம் எடுக்கக்கூடாது, இந்தப் பொன்விழா மலரிலும் அப்படிப்பட்ட படம் ஒன்றும் வரக்கூடாது என்று அவர்கள் எழுதியே கொடுத்தார்கள். மலர்க்குழு முதலில் தயங்கியது. அரிசி மூட்டைப் படம் இல்லாத மலரா என்று! கடைசியில் ஒப்புக்கொண்டது. மலரைப் புரட்டும்போது கவனித்துப் பாருங்கள்.

அவர்கள் வகுத்துக்கொண்ட மற்ற ஒழுங்குகளும் நல்லவை. தனியாக எந்த வீட்டுக்கும் போவதில்லை. இருவராக, கூடவே குழுவின் பெரியவர் ஒருவரோடு போவது. ஏன் வீடு போயிற்று என்று கேட்பதில்லை. செய்யமுடியாததைச் செய்வதாகச் சொல்வதில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காப்பதில்லை. உடனே பெரியவரிடம், அங்கிருந்து குடும்ப சேவை நிலையத்துக்கு.

2019 கணக்கெடுப்பில் இரவில் நடந்து எண்ணியவர்கள் 400க்கும் மேற்பட்ட தொண்டர்கள். உறங்குகிறவரை எழுப்பாமல், குறிப்பு எழுதிக்கொண்டு நடக்கும் வேலை. அந்தப் பொறுமை இருந்தால் போதும். நம் இளையர்கள் இப்போது தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத் துண்டறிக்கை தயாரித்திருக்கிறார்கள். காம்கேர் தொலைபேசி எண் 1800-222-0000, சமூக சேவை அலுவலகத்துக்கு என்னென்ன கடிதங்கள் கொண்டுபோக வேண்டும், முயிஸ் ஜகாத் உதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பவை எல்லாம் அதில் இருக்கின்றன. ஜும்ஆ முடிந்ததும் வாசலில் கொடுப்பார்கள். தயவுசெய்து விசிறியாக மடித்துவிடாதீர்கள்.

அமைச்சுக்கு அனுப்ப ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார்கள். கோரிக்கை இரண்டே. இடைக்காலத் தங்குமிடங்களில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதங்களாக இருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வீடு மாறிய பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடர விரும்பினால் போக்குவரத்துச் செலவு தானாகவே கிடைக்க வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது; திருத்தம் சொல்ல வந்த எங்களில் சிலர் அவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்துப் பேனாவை மூடி வைத்துவிட்டோம்.

இனி சங்கம் செய்யவேண்டியது. இத்தனை ஆண்டுகளாக நம் நிகழ்ச்சிகளில் இளையர்களுக்கு நாம் கொடுத்த முக்கியப் பொறுப்பு நாற்காலி அடுக்குவதும் பிரியாணித் தட்டு பரிமாறுவதும்தான். அதைச் செய்த பிள்ளைகள் பலர் திருமணத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. சமூகநலக் குழுவில் 25 வயதுக்குட்பட்ட இருவருக்கு, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, வாக்குரிமையோடு இடம் தர வேண்டும் என்று வரும் ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம். துண்டறிக்கை அச்சுக்கும் பேருந்துச் செலவுக்கும் தனியாக ஒரு சிறு தொகையும் கேட்போம். விவாதம் இருக்கும், இருக்கட்டும். எதிர்ப்பவர்களும் கூட்டத்துக்கு வந்து எதிர்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். கோப்பிக் கடையில் வேண்டாம்.

வாசலுக்கு அருகில் பச்சைத் துணி விரித்த மேசையில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வாப்பா அல்லது உம்மாவின் கையெழுத்தோடு பெயர் கொடுங்கள். முதல் கூட்டம் அடுத்த சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு, இதே மண்டபத்தின் மாடி அறையில். தேநீர் உண்டு. நாற்காலிகளை இந்த முறை நாங்கள் அடுக்கி வைக்கிறோம். வஸ்ஸலாம்.