செவிலியர் பணியும் நம்ம வீட்டுப் பெண்களின் படிப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற பகுதி சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசியது)



உங்களில் நிறைய பேருக்கு என்னை 'நர்சம்மா' என்றுதான் தெரியும். பேரைச் சொன்னால் "யாரு?" என்று யோசிப்பீர்கள். இந்தத் தர்மபுரி மாவட்டத்தில் முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராகவும், கடைசியில் பகுதி சுகாதாரச் செவிலியராகவும் வேலை பார்த்தேன். இங்கே உட்கார்ந்திருக்கும் சில பேருடைய முதல் அழுகைச் சத்தத்தைக் கேட்டவள் நான். அந்த உரிமையில் கொஞ்ச நேரம் பேசுகிறேன்.

'சுகாதாரத்திலும் கல்வியிலும் செவிலியரின் பங்கு' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். ஒன்று, செவிலியர் வேலை என்றால் என்ன. இரண்டு, அந்தப் படிப்பை நம்ம பெண்களுக்கு ஏமாறாமல் எப்படி வாங்கிக் கொடுப்பது. இரண்டாவது விஷயத்தில் என் குடும்பமே ஏமாந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நடந்தது இது. மலைமேல் ஒரு குக்கிராமம். பஸ் கிடையாது, நடந்துதான் போக வேண்டும். பிரசவம் எல்லாம் வீட்டில்தான். ஒரு நாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் மாமியார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "விடியக்காலம் பொறந்துருச்சு நர்சம்மா. ஆம்பளப் புள்ள. எல்லாம் நல்லா முடிஞ்சுது" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. "எத்தனை துணி மாத்துனீங்க?" என்று கேட்டேன். "அது ஆச்சு, அஞ்சாறு. கெட்ட ரத்தம்தானே, போவட்டும்னு விட்டுட்டோம்" என்றார்கள்.

பிள்ளை பெற்ற பிறகு கர்ப்பப்பை பந்து மாதிரி கெட்டியாகச் சுருங்க வேண்டும். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், பிசைந்த மாவு மாதிரி இருந்தது. அது சுருங்குகிற வரைக்கும் தேய்த்துவிட்டேன், குழந்தையை மார்பில் போடச் சொன்னேன், பையில் இருந்த மருந்தைக் கொடுத்தேன். நாலு பேர் தூளி கட்டித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பால் வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை இன்றைக்குப் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்ததை. அடுத்த வாரம் அதே ஊரில் மாமியார்களையும் மருத்துவச்சி பாட்டியையும் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தேன். "கெட்ட ரத்தம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. துணியை எண்ணுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுசாக நனைந்தால், யாருக்கும் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்" என்று சொன்னேன். அடுத்த வருஷம், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அதே மாமியார், பக்கத்து வீட்டு மருமகளுக்காக ராத்திரியிலேயே ஆள் அனுப்பினார். "நர்சம்மா, ரெண்டு துணி நனைஞ்சுருச்சாம், கெளவி உடனே வரச் சொல்லுச்சு" என்றான் வந்த பையன்.

முதல் உயிரை நான் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது உயிரைக் காப்பாற்றியது அந்த மாமியார். செவிலியர் வேலையில் பாதி மருந்தும் ஊசியும். மீதிப் பாதி சொல்லிக் கொடுப்பது. ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. அத்தனை பேர் வீட்டிலும் ஒரு நர்சு உட்கார்ந்திருக்க முடியாது. அவள் சொல்லிக் கொடுத்தது மட்டும் அத்தனை வீட்டிலும் இருக்கும். பேதி வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கக் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காப்பியோடு விழுங்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? என்றைக்கோ ஒரு நர்சு உங்கள் வாசலில் நின்று சொன்னதுதான், இல்லீங்களா?

'செவிலி' என்ற சொல்லே பழசு. சங்கப் பாட்டுகளில் தலைவியை வளர்க்கும் தாய்க்குச் செவிலித்தாய் என்று பேர். பெற்றவள் இல்லை, ஆனால் பார்த்துக்கொள்கிறவள், புத்தி சொல்கிறவள்.

இதை ஒரு படிப்பாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். மே 12 அவர் பிறந்த நாள். அதைத்தான் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம். கையில் விளக்கோடு இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அவர் எழுதிய நோட்டு. கிரிமியா போரில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, யார் எதனால் செத்தார்கள் என்ற கணக்கை எழுதி வைத்தார். குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட, அழுக்கிலும் நெரிசலிலும் பரவிய நோயால் செத்தவர்கள்தான் அதிகம் என்று அந்தக் கணக்கை வைத்து அரசாங்கத்துக்குக் காட்டினார். நாமும் குழுவில் நோட்டு எழுதுகிறோம். எழுதின கணக்கு இருந்தால்தான் பேங்க் மேனேஜரிடம் தலை நிமிர்ந்து பேச முடியும் என்று நமக்குத் தெரியும். அந்தம்மாவும் அப்படித்தான் பேசினார். 1860-ல் லண்டனில் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

நம்ம பக்கம் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி ஆரம்பமானது. வேலூரில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று கர்ப்பிணிகள் இறந்து போனார்களாம். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று வீட்டு ஆண்கள் மறுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் டாக்டருக்குப் படித்தார். டாக்டர் மட்டும் போதாது என்று தெரிந்து, 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே செவிலியர் பட்டப் படிப்பே வந்துவிட்டது.

1926-ல் சென்னை மாகாணத்தில் நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. 1947-ல் நாடு முழுவதற்கும் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. உயிரோடு விளையாடுகிற வேலை இது. முறையாகப் படித்தவர்தான் செய்ய வேண்டும், அவர் பேர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டங்களின் சாரம். பதிவு என்ற இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கதை இதில்தான் வருகிறது.

என் அக்கா பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறார். அவரும் உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்ததும் எனக்குப் போன் செய்தார். "பாப்பாவ நர்சிங் சேக்கலாம்னு இருக்கேன். ஒரு வருஷப் படிப்பாம், வேலை உறுதியாம். குழுவுல 60,000 கடன் கேட்டிருக்கேன்" என்றார். நான் அன்றைக்குப் போலியோ சொட்டு மருந்து முகாமில் இருந்தேன். "நல்ல படிப்புதான்க்கா, சேத்துவிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த இடம், யார் அங்கீகாரம், ஒரு வருஷத்தில் எப்படி நர்சு ஆக முடியும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள், சொந்த அக்காவுக்குச் சொல்லவில்லை.

பெண் ஒரு வருஷம் வெள்ளைக் கோட்டு போட்டுப் போனாள். தங்கக் கலரில் முத்திரை போட்ட சான்றிதழும் வாங்கினாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனபோது, "கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்து எனக்குப் போன் போட்டாள். "சின்னம்மா, ரிஜிஸ்ட்ரேஷன்னா என்ன?" என்றாள். என்னால் பதில் பேச முடியவில்லை.

படித்த இடத்துக்குப் போய்க் கேட்டோம். "நாங்க நர்சிங் அசிஸ்டென்ட் என்றுதானே போட்டிருக்கிறோம்" என்றார்கள். போட்டிருந்தது உண்மைதான், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். பணம் திரும்பவில்லை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மீட்கவே இரண்டு மாதம் அலைந்தோம்.

பிறகு அரசு மருத்துவமனையோடு சேர்ந்த செவிலியர் பள்ளியில் டிப்ளமோவுக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. விடுதிக்கும் புத்தகத்துக்கும் 15,000 தேவை. அக்கா குழுவில் மறுபடி கேட்டார். நானும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். "மொதக் கடனே பாதி நிக்குது, ரெண்டாவது எப்படிக் குடுக்கறது?" என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை, அது எல்லோருடைய சேமிப்பு. அக்கா கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது கைநாட்டு வைக்கிற ஒரு வயசான அம்மா சொன்னார்: "அந்தப் புள்ள ஏமாத்தல, ஏமாந்துருச்சு. விசாரிக்காமக் கடன் குடுத்தது நாமளுந்தான்."

தீர்மானம் நிறைவேறியது. நான் பொறுப்புக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு அவள் பதிவு பெற்ற செவிலியர். இரண்டு கடனும் முடிந்துவிட்டது. அவள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "அந்த ஒரு வருஷத்துல ஊசி எப்படிப் போடறதுன்னு காட்டுனாங்க சின்னம்மா, ஏன் போடறோம்னு சொல்லல. யாராவது எங்கிட்ட சந்தேகம் கேட்டிருந்தா, நான் தப்பாத்தான் சொல்லியிருப்பேன்." பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தப்பாகச் சொல்லிக் கொடுக்கிற ஒரு நர்சு, ஊர் முழுக்கத் தப்பை விதைத்துவிட்டுப் போவாள்.

அதனால் அக்கா தங்கைகளே, நர்சிங் படிப்புக்குக் கடன் மனு வந்தால் நாலு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: படிப்பு எத்தனை வருஷம்? ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்றால் அது செவிலியர் படிப்பு அல்ல. உதவியாளர் பயிற்சியாக இருக்கலாம். அதுவும் ஒரு வேலைதான், குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் நர்சு ஆக முடியும் என்று சொல்லி அதை விற்பது மோசடி.

இரண்டாவது: இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா? பட்டியல் இணையத்திலேயே கிடைக்கும். படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது: நோயாளிகளைப் பார்த்துப் பழக எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்? பேரைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது: படித்து முடித்தால் கவுன்சிலில் நர்சாகவும் மருத்துவச்சியாகவும் பதிவு கிடைக்குமா? கிடைக்கும் என்று எழுத்தில் கொடுப்பார்களா? கட்டும் பணத்துக்கு எல்லாம் ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்தால் அதற்கும் எழுதி வாங்குங்கள்.

இந்த வேலையில் கஷ்டம் உண்டு. ராத்திரி டூட்டி, நின்றே இருக்க வேண்டும், சில தனியார் இடங்களில் சம்பளம் குறைவு. இதையும் பெண்ணிடம் சொல்லிவிட்டே சேருங்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால்தான் இதில் நிலைக்க முடியும்.

கடைசியாக ஒன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர்களை எங்கிருந்து எடுத்தார்கள்? சுய உதவிக் குழுக்களிலிருந்துதான். அன்றைக்கு வேப்ப மரத்தடியில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள், இன்றைக்கு வாசலில் நின்று மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஆகையால் இந்தக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'கல்விக் கடன் மனுவோடு, படிப்பின் அங்கீகாரத்துக்கான அத்தாட்சியும் இணைக்கப்பட வேண்டும், அதை இரண்டு பிரதிநிதிகள் சரிபார்க்க வேண்டும்.' சரிபார்க்கத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். இந்தத் தடவை போனைச் சீக்கிரம் வைக்க மாட்டேன்.