வரிசைக்கு முன்னே வாயில்

(பதுளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தேயிலை மலைகளின் நடுவே தியத்தலாவை இராணுவக் கல்லூரி நிற்கிறது. அங்கே அதிகாரிப் பயிலுநரைத் திறமை கொண்டே வரிசைப்படுத்துகின்றனர். தலைசிறந்தவருக்குக் கௌரவ வாள் கிடைக்கும். அமெரிக்காவிலோ முழுநேரச் சேவையும் படைப்பிரிவும் அமைவதில் இத்தகைய வரிசைக்கும் பங்குண்டு.

பிறப்பைப் பாராது திறமையைப் பார்ப்பது நன்று. ஆனால், வாயிலுக்கு வெளியே நிற்பவனுக்கு எந்த வரிசையில் இடம்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே குடியுரிமை கிட்டிற்று. அதுவரை நாடற்றவரின் பிள்ளை மனுச் செய்யவும் வழியில்லை.

இன்று தடுப்பது சட்டமன்று. உயர்தர வகுப்பில்லாத தோட்டப் பள்ளி. சலுகை வேண்டோம், அவ்வகுப்பையே கேட்கிறோம். வாயில் திறக்கட்டும், வரிசையில் தமக்குரிய இடத்தை நம் பிள்ளைகளே பெறுவர்!